குதிரையோடு ஓடியவன்

சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் குதிரையின்மேல் அமர்ந்திருப்பவனையே காண்கின்றனர். குதிரையின் பக்கத்தில் நிற்பவன் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு ராஜன் 1714ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்டான். அவன் கதையைக் கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்த நம் மக்கள், அவன் குதிரை பாராசாரி என்பதையும், அவனுடைய இஸ்லாமியத் தோழனின் குதிரை நீலவேணி என்பதையும் தடையின்றிச் சொல்லுவர். அக்குதிரைகளுக்குக் கொள்ளு அவித்து வைத்தவன் யார்? குளம்பிற் சிக்கிய கல்லை எடுத்தவன் யார்? போர் முடிந்த இரவில் அவற்றின் காலைத் தடவி வீக்கம் உண்டா எனப் பார்த்தவன் யார்? நம்முள் எத்தனை பேர் இக்கேள்விகளை எழுப்பியிருக்கிறோம்?

பினாங்கின் குதிரைச் சரித்திரத்திலும் இதே குறை உண்டு. ஆனால் நம் காலத்தில், நெடுந்தூரக் குதிரையோட்டம் என்னும் ஒரு புதிய விளையாட்டு, பக்கத்தில் நின்றவனுடைய அறிவையே வெற்றிக்கு அளவுகோலாக்கியிருக்கிறது. பழைய குதிரைக்காரனையும் இப்புதிய ஓட்டக்காரனையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரை தமிழ்நாட்டிற்குக் கடல் வழியாக வந்த பிராணி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலிலிருந்து குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அதே பட்டியலில் காழகத்திலிருந்து வந்த பொருள்களும் இடம் பெறுகின்றன. காழகம் என்பது கடாரம் என உரைகாரர் நச்சினார்க்கினியர் பொருள் கொண்டார். கடாரமாவது இன்றைய கெடா. பினாங்குத் தீவுக்கு எதிரே கிடக்கும் நிலம். ஆகவே, மேற்கிலிருந்து குதிரையும் கிழக்கிலிருந்து கடாரத்துச் சரக்கும் ஒரே துறையில் இறங்கிய காலமொன்று இருந்தது.

வாங்கத் தெரிந்த அளவிற்கு வளர்க்கத் தெரிந்திருந்தோமா? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்குகிறானென்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லையென்றும் எழுதினார். குதிரை வைத்தியம் அறிந்தவர் நாட்டில் இல்லாமையே அதற்குக் காரணமாம். குதிரை விற்ற வணிகரும் தம்முடன் அத்தகையோரை வரவிடவில்லையாம். பழைய குதிரை செத்தாலன்றோ புதிய குதிரை விலைபோகும்! அந்நியப் பயணியின் எண்ணிக்கை மிகைப்பட்டதாயிருக்கலாம். ஆயினும் அதன் உட்பொருள் தள்ளத்தக்கதன்று. அரசனிடம் பொன் இருந்தது, படை இருந்தது, ஏறுவதற்கு வீரரும் இருந்தனர். குதிரையை உயிரோடு வைத்திருக்கும் கை மட்டும் போதவில்லை.

இனி, பினாங்கிற்கு வருவோம். 1786 ஆகஸ்டு 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். பின்னர் இங்குச் சாலை அமைக்கும் வேலைக்கு இந்தியாவிலிருந்து கைதிகள் கொண்டுவரப்பட்டனர். கைதிகளை இங்கு அனுப்பும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. சாலை உண்டாகவே குதிரையும் வேண்டியதாயிற்று. அருகிலுள்ள சுமாத்திராவின் பத்தாக்கு மலைப் பகுதிகளில் வளர்ந்த மட்டக் குதிரைகள் டெலித் துறையின் வழியாக இங்கு வந்தன. உருவிற் சிறியவை, ஆனால் வெயிலுக்கும் மேட்டிற்கும் அஞ்சாதவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பெரிய குதிரைகள் பிற்காலத்தில் வந்தன.

தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் குதிரைப் பாதை மிகப் பழையது. 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை, வெள்ளைக்கார உத்தியோகஸ்தரும் செல்வரும் மட்டக் குதிரை மீதோ, ஆள்கள் தோளிற் சுமந்த நாற்காலி மீதோதான் மலையேறினர். மேலே குளிர்காற்று வாங்கினவர்களின் பெயர்கள் மாளிகைகளுக்கும் முனைகளுக்கும் சூட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் ஏறிய குதிரையைப் பிடித்துக்கொண்டு கால்நடையாக ஏறியவனுக்கு அம்மலையில் ஒரு கல்லும் இல்லை.

அவனுக்குப் பெயர் சைசு. அரபு மொழியிற் பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாயிற் புகுந்து, அவர்களோடு மலாயாவுக்கு வந்த சொல் அது. நம்மவர் அவனைக் குதிரைக்காரன் என்றனர். அதற்கு முன்னரே தமிழில் வாதுவன் என்னும் சொல் இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைசுகளாயிருந்தோருள் தமிழரும், மலாய்க்காரரும், பாவியான் தீவினரும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்ற நகரங்களில் வழங்கிய பல்லக்கு வண்டிகளில், நெடுநாள் வரை வண்டிக்காரனுக்கு ஆசனமில்லை. அவன் குதிரையின் தலைப்பக்கத்தே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். துரை போக வேண்டிய இடத்திற்கு அவனும் குதிரையும் ஒரே வேகத்தில், ஒரே வெயிலில், ஒரே தூரம் ஓடினர். வண்டிக்குள் இருந்தவர் மட்டுமே இளைப்பின்றி இறங்கினார்.

குதிரைக்காரனுடைய ஒரு நாள் எப்படிப்பட்டது? விடியுமுன் எழுந்து இலாயத்தைக் கூட்டுவது, சாணத்தின் நிறத்தையும் இளக்கத்தையும் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு குறைந்தது எனக் கவனிப்பது, ஒவ்வொரு குளம்பையும் தூக்கிச் சுரண்டுவது, முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவி வெப்பம் காண்பது, தேய்த்துவிடுவது, புல்லும் கொள்ளும் அளந்து வைப்பது, பின்பு சேணம் பூட்டுவது. மாலையில் இவ்வளவும் மறுபடி. இவற்றிற்குப் புத்தகம் இல்லை. தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றான். கூலிக்கணக்கில் இதெல்லாம் ‘குதிரை கழுவுதல்’ என்ற இரண்டு சொல்லில் அடங்கியிருக்கும். உண்மையில் இது வைத்தியத்தின் முதற்பாதி. நோய் வருமுன் அதன் நிழலைக் காணும் பாதி.

மலாயாவின் தட்பவெப்பத்தில் அவ்வறிவு மிக வேண்டியதாயிருந்தது. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சில, இங்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வியர்க்கும் சக்தியை இழந்துவிடும். வியர்க்காத குதிரை உடற்சூட்டை வெளியேற்ற மாட்டாமல் மூச்சுவாங்கி மெலியும். சூரா என்னும் மற்றொரு நோய் கடிக்கும் ஈக்களால் பரவுவது; அதற்குக் காரணமான நுண்ணுயிரை 1880இல் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் இந்தியாவின் வடமேற்கில் கண்டறிந்தார். வைத்தியர் கண்ணாடியில் காண்பதற்கு முன், காலைத் தீனியைக் குதிரை பாதியில் விட்டதைக் கண்டவன் குதிரைக்காரனே.

1864இல் பினாங்குக் குதிரைப் பந்தயச் சங்கம் தோன்றியது. முதலில் மக்காலிஸ்டர் சாலைப் பக்கத்தில் இருந்த பந்தயத் திடல், பிற்காலத்தில் பத்து கந்தோங்கிற்கு மாறியது. பந்தயத்தால் குதிரைக்கார வேலை பெருகிற்று என்பது உண்மை. பல தமிழ்க் குடும்பங்கள் அதனால் உணவுண்டன. ஆயினும் பந்தயக் குதிரை ஓடுவது ஆயிரம் முதல் இரண்டாயிரத்துச் சில்லறை மீட்டர் தூரம். மூன்று நிமிஷத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்நிமிஷங்களில் மக்கள் பார்த்தது குதிரையையன்று, தங்கள் கைச்சீட்டை. சம்பள நாளன்று தோட்டத்திலிருந்து புறப்பட்ட கூலிப்பணம் திடலில் கரைந்த கதையை நம் பெரியோர் வேண்டுமளவு எடுத்துரைத்திருக்கின்றனர். அதை இங்கு விரிக்கப் புகவில்லை.

இதற்கிடையே மோட்டார் வந்தது. குதிரை வண்டிகள் மறைந்தன. ஒரு விசித்திரம் கேளுங்கள்: குதிரை போன பின்னும் மலாயாவில் சைசு என்னும் பெயர் போகவில்லை. துரையின் மோட்டாரை ஓட்டியவனும் சைசு என்றே அழைக்கப்பட்டான். கடிவாளம் பிடித்த கை சக்கரம் பிடித்தது, பெயர் மட்டும் அப்படியே தங்கிற்று. எஜமானனுக்குக் குதிரையென்றால் என்ன, மோட்டாரென்றால் என்ன, பக்கத்தில் நிற்பவன் ஒருவனே!

பந்தயங்களும் இப்பொழுது ஓய்ந்தன. 1842இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயச் சங்கத்தின் கடைசி ஓட்டம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. பினாங்கிலும் 2025இல் பந்தயம் நின்றது. சூதாட்டம் ஒழிந்தது என மகிழ்வோரோடு நாமும் மகிழலாம். ஆனால் சூதாட்டத்தோடு சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏறிய ஓர் அறிவும் போய்விட வேண்டுமா? இக்கேள்விக்கு விடை தேடும்போதுதான் நெடுந்தூர ஓட்டம் நம் கவனத்தை ஈர்க்கிறது.

நெடுந்தூர ஓட்டத்தின் பழைய சரித்திரம் நல்லதன்று. 1892இல் ஜெர்மானிய, ஆஸ்திரியப் படையதிகாரிகள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே குதிரைப் போட்டி ஒன்று நடத்தினர். வழியில் பல குதிரைகள் மாண்டன. முதலில் வந்தவருடைய குதிரையும் பிழைக்கவில்லை. குதிரை செத்தபின் சவாரிக்காரனுக்குப் பரிசு கொடுப்பது எவ்வகை நியாயம் என ஐரோப்பாவிலேயே பலர் கேட்டனர். இன்றைய முறை வேறு விதமாக வளர்ந்தது. 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வெண்டல் ரோபி என்பவரும் அவர் நண்பர் சிலரும் தாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் நகர் வரை, மலைப்பாதையில் 100 மைலை ஒரே நாளில் குதிரை மீது கடந்தனர். அது ஆண்டு விழாவாயிற்று. குதிரை நலமாய் முடிப்பதே வெற்றி என்னும் கொள்கை அவ்வோட்டங்களில் வேரூன்றியது. 1986இல் இத்தாலியில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2008இல் அப்போட்டி மலேசியாவிலேயே, திரெங்கானு மாநிலத்தில் நடந்தது. அப்பொழுது மாமன்னராயிருந்த திரெங்கானு சுல்தான் மிசான் ஜைனுல் ஆபிதீன் தாமே இவ்வோட்டம் பயின்றவர்.

உலகப் போட்டியின் தூரம் 160 கிலோமீட்டர், அதாவது 100 மைல். பினாங்குத் தீவைச் சுற்றிவரும் பழைய சாலை சுமார் 45 மைல் என்பர். தெலுக் பகாங் மேட்டையும் பாலிக் புலாவ் வளைவுகளையும் தாண்டித் தீவை இரண்டு முறை சுற்றினாலும் கணக்கில் 10 மைல் மிஞ்சும். இத்தூரம் பல கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கால்நடை மருத்துவர் காத்திருப்பார். குதிரையின் இருதயத் துடிப்பு குறித்த நேரத்திற்குள் நிமிஷத்திற்கு 64க்குத் தணிய வேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஓய்வில் அது 30, 40 அளவில் இருப்பது. கடும் ஓட்டத்தில் 200ஐயும் தாண்டக்கூடியது. துடிப்பு மட்டுமன்று. ஈறின் நிறம், தோலைக் கிள்ளிவிட்டால் அது மடிப்பு நீங்கப் பிடிக்கும் நேரம், குடலின் ஓசை, கடினத் தரையில் ஓட்டிக் காட்டும்போது நொண்டுகிறதா என்பது யாவும் சோதிக்கப்படும். இவற்றுள் ஒன்றில் தவறினாலும் ஓட்டம் அத்துடன் முடிந்தது. 150 கிலோமீட்டர் முதலாவதாக வந்தவனாயினும், கடைசிச் சோதனையில் குதிரை தவறினால் அவன் பெயர் பட்டியலில் இராது. சவாரிக்காரன் எவ்வளவு பெரிய மனிதனாயினும் மருத்துவர் சொல்லே தீர்ப்பு.

இவ்விளையாட்டைப் பணம் கருதாது பயில்கிறவர்களின் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம். அவர்களிற் பலருக்கு வேறு தொழில் உண்டு. காரியாலயத்திற்குப் போகுமுன், இருள் பிரியாத நேரத்தில் இலாயத்தில் நிற்க வேண்டும். முதல் வேலை சவாரியன்று, பரிசோதனை. தீனி மிஞ்சியிருக்கிறதா, தண்ணீர் குடித்ததா, காலில் சூடுண்டா, ஓய்வுத் துடிப்பு நேற்றைவிடக் கூடியதா என்பதைக் குறித்துக்கொண்டபின்பே சேணத்தை எடுப்பர். தாடையின் அடியில் ஓடும் நாடியை விரலால் தொட்டு எண்ணக் கற்பது அவர்களுடைய முதற்பாடம்.

பயிற்சியின் இலக்கணம் பொறுமை. ஆரம்ப மாதங்களில் நடையும் மெல்லோட்டமுமே. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டலாகாது. வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைக் கூட்டலாகாது. குதிரையின் இருதயமும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும். நரம்பிழைகளும் எலும்பும் தேறுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று ஏமாந்து விரட்டுகிறவன் காலை முறிக்கிறான். முதலில் 40 கிலோமீட்டர், பிறகு 80, அதன்பின் 100, 120 எனப் படிப்படியாக ஏறி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே 160ஐ நினைக்கலாம். ஓட்டம் முடிந்தபின் விடும் ஓய்வும் பயிற்சியின் பகுதியே.

நமது நாட்டுப் புழுக்கம் மற்றொரு ஆசிரியன். உஷ்ணத்தில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். வியர்வையோடு உப்பும் மிகுதியாக வெளியேறும். காற்றில் ஈரம் மிக்க இடத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை குளிர்ச்சி தராது. ஆதலால் இங்கு ஓட்டங்கள் இரவிலோ விடியற்குமுன்போ தொடங்குவதுண்டு. தங்குமிடத்தில் குதிரைமேல் நீரை ஊற்றி, வழித்தெடுத்து, மீண்டும் ஊற்றுவர். உப்புக் கலந்த நீர் கொடுப்பர். புல்லை நிறையக் கொடுப்பர். குடலில் தங்கும் புல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சவாரிக்காரன் தன் உடலையும் பழக்க வேண்டும். பல மணி நேரம் குதிரையின் முதுகை அமுக்காமல், அங்கவடியில் இலேசாக நின்று, இருபுறமும் சமமாக எடையைத் தாங்குவது எளிதன்று. அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் குதிரை மறுகாலில் நோவைச் சுமக்கும். எல்லாவற்றினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: செங்குத்தான இறக்கத்திலும், குதிரை களைத்த இடத்திலும், நல்ல சவாரிக்காரன் இறங்கிவிடுகிறான். இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் பக்கத்தில் ஓடுகிறான். அதற்கென்றே மாலை வேளைகளில் தனியே ஓடிப் பழகுவோரும் உண்டு.

இப்பொழுது நேயர்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். விடியுமுன் இலாயத்தில் நிற்பது, சாணம் பார்ப்பது, காலைத் தடவுவது, தண்ணீர் அளப்பது, பக்கத்தில் ஓடுவது ஆகிய இவையெல்லாம் யாருடைய வேலை? நூறு ஆண்டுகளுக்குமுன் சில வெள்ளிச் சம்பளத்திற்குப் பினாங்குச் சாலைகளில் ஓடிய குதிரைக்காரனுடைய வேலை. அன்று அது இழிந்த ஊழியம். இன்று அதுவே வீரரின் தேர்ச்சி. செல்வரும் கற்றோரும் கட்டணம் கொடுத்துக் கற்கும் வித்தை, நம் பாட்டன்மார் கூலிக்குச் செய்த வேலையினின்று அடிப்படையில் வேறானதன்று. வேலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை வேலையின் தன்மை தீர்மானிக்கவில்லை, செய்தவனுடைய நிலையே தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

இவ்விளையாட்டும் குற்றமற்றதன்று. பெரும்பணம் நுழைந்த இடங்களில், சமவெளியில் அதிவேகமாக ஓட்டிக் குதிரைகள் காலொடிந்து மாண்ட செய்திகளும், ஊக்க மருந்து கொடுத்த குற்றச்சாட்டுகளும் எழுந்தன. குதிரை நலம் குறித்த கவலைகளின் மேல், 2015இல் ஐக்கிய அரபு எமிரேட்டின் குதிரைச் சம்மேளனத்தைச் சர்வதேசக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் சில காலம் தள்ளி வைத்தது. மருத்துவரும் விதியும் இருந்தும் இக்கேடு ஏன் நேர்ந்தது? குதிரையை வாங்கியவன் ஒருவன், பழக்கியவன் ஒருவன், ஏறியவன் ஒருவன், பரிசு பெறுபவன் வேறொருவன் என்றாகும்போது, குதிரையின் காலைத் தடவிப் பார்த்தவனுடைய சொல் கேட்பாரற்றுப் போகிறது. பாண்டியன் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளுக்கு நேர்ந்த கதி அதுவேயன்றோ?

ஆகையால் நாம் கூறுவது இதுதான். பந்தயத் திடல்கள் மூடப்பட்டதற்கு இரங்க வேண்டியதில்லை. அத்திடல்களின் பின்புறத்து இலாயங்களில் வேலை செய்து ஓய்ந்த முதியோர் பினாங்கிலும் பிற நகரங்களிலும் இன்னும் இருக்கின்றனர். குதிரை நொண்டுவதற்கு முதல் நாளே அவர்கள் எதைக் கண்டு அறிந்தனர், வியர்க்காத குதிரைக்கு என்ன செய்தனர், முரண்டு பிடிக்கும் இளங்குதிரையை அடியாமல் எப்படி வழிக்குக் கொணர்ந்தனர் என்பவற்றை அவர்கள் வாயாற் கேட்டு எழுதி வைப்பது நம் இளைஞர் சங்கங்களும் வாசகசாலைகளும் செய்யக்கூடிய காரியம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் சிலவும் போதும். எழுதும்போது அவர்களுடைய பெயரையும், தகப்பன் பெயரையும், எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் கப்பலேறி வந்தனர் என்பதையும் முதல் வரியில் எழுதுக. குதிரையின் பெயரை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.